ஆணி அடிக்கவும் அனுமதி

2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி இலங்கையின் மாத்தளை நகரத்தில் ஒரு நடைபயணம் வந்து முடிந்தது. தலைமன்னாரில் தொடங்கி, இருநூறு வருஷத்துக்கு முன்னே நம் ஆட்கள் காட்டு வழியாகக் கால்நடையாய்ப் போன பாதையிலேயே மலையக மக்கள் மறுபடி நடந்து வந்தார்கள். வழியில் செத்து விழுந்தவர்களை நினைத்து அழுதார்கள். மேடையில் பெரிய மனிதர்கள் பேசினார்கள்.

அதே மாதம், அதே மாத்தளை மாவட்டத்தில், ஒரு தோட்டத்து உதவி முகாமையாளர் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் தற்காலிகக் குடிலை அடித்து உடைத்தார். யாரோ பிடித்த காணொளி நாடு முழுக்கப் போனது. கண்டனங்கள் வந்தன, மந்திரிகள் கோபப்பட்டார்கள். இந்த மாதிரி இடிப்புகளுக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: அனுமதியில்லாமல் கட்டியது.

சரி, அனுமதியை யாரிடம் வாங்குவது? கேள்வி சின்னது. பதில் சொல்ல இருநூறு வருஷக் கதையைத் தோண்ட வேண்டியிருக்கிறது. அயல்நாட்டில் ஒரு வீடு கட்ட அனுமதி வாங்குவது என்றால் இன்றைக்குப் படித்தவர்களுக்கு அது ஒரு விண்ணப்பம், ஒரு வரைபடம், கொஞ்சம் கட்டணம். நம் ஜனங்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட ஒரு கையெழுத்து. அந்த மறுப்பின் வரலாற்றைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

1

முதலில் கடலுக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று பார்ப்போம். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அதில் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற விஷயம் நிலம் இல்லை என்பது மட்டுமல்ல. குடிசை நிற்கிற மனையே பறையருடையது இல்லை, அது மிராசுதாருடையது. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால், கூலி உயர்த்திக் கேட்டால், மிராசுதார் சொல்லும் முதல் வார்த்தை 'குடிசையைக் காலி பண்ணு' என்பதுதான். அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் அப்புறம் யார் கைக்குப் போயின என்பது இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1994இல் அதே செங்கல்பட்டில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

சொந்த மண்ணில் குடிசைத் தரையே அடுத்தவனுக்குச் சொந்தம் என்ற நிலையில் இருந்தவர்கள்தான் 19ஆம் நூற்றாண்டு பூராவும் கங்காணி பின்னால் கண்டிக்குப் போனார்கள். முதலில் கோப்பித் தோட்டம். 1867க்குப் பிறகு தேயிலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இன்னும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் ஆதிக்கசாதிக்காரர்கள். அவர்கள் கூட்டிப்போன ஆட்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 'கூலி' என்ற ஒரே சொல்லுக்குள் இதை மறைத்து எழுதுகிற வரலாறுகளே அதிகம்.

2

போன இடத்தில் கிடைத்தது லயம். ஒரே நீளக் கட்டடம், இடையிடையே சுவர் வைத்து அறைகள். ஒரு அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குப் பெயர் காம்பிரா. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் திண்ணைக்குப் பெயர் இஸ்தோப்பு. மேலே தகரம். சில லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டின இரட்டை வரிசை, ஜன்னலுக்கே வழியில்லை. சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அந்தப் பத்தடிக்குள்தான். மகனுக்குக் கல்யாணம் என்றால் ஒரு சேலையைக் குறுக்கே கட்டுவார்கள். மகன் குடும்பம் அந்தப் பக்கம், அப்பன் ஆத்தா இந்தப் பக்கம்.

இந்த லயத்தைக் கட்ட வெள்ளைக்காரத் துரை எந்த மக்கள் சபையிடமும் அனுமதி கேட்கவில்லை. காட்டை வாங்கினான், வெட்டினான், சரிவில் மண்ணை அறுத்து லயம் போட்டான். இடத்தைத் தேர்ந்ததும் அவன் வசதிக்குத்தான். விடிகாலை தப்பு அடித்தால் எல்லாரும் பெரட்டுக்களத்துக்கு ஓடி வரணும். தலை எண்ணி வேலை பிரிக்கணும். மனிதர் வாழ வீடு கட்டுவது வேறு, ஆள் கணக்குத் தப்பாமல் அடைத்து வைக்கக் கொட்டடி கட்டுவது வேறு. லயம் இரண்டாவது வகை.

சாதியையும் துரை விட்டுவைக்கவில்லை. எந்தச் சாதிக்கு எந்த லயம் என்று கங்காணி சொன்னபடி பிரித்துக் கொடுத்தான். குடியான லயம், பள்ளர் லயம், பறையர் லயம், சக்கிலியர் லயம். லயத்து வாசலையும் கக்கூசையும் கூட்டுகிற வாசக்கூட்டி வேலை சக்கிலியர் தலையில் விழுந்தது. ஊரில் சேரி எங்கே முடிந்ததோ அங்கேயே தோட்டம் தொடங்கியது என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு: ஊரில் சேரிக்காரன் தன் குடிசையைத் தானே மண் குழைத்துக் கட்டினான். இங்கே அதுவும் இல்லை. சுவரில் ஆணி அடிக்கணும், இஸ்தோப்பை அடைக்கணும், ஆட்டுக்கு ஒரு கொட்டில் போடணும் என்றால்கூடத் துரையைக் கேட்கணும். கேட்பதற்குக் கங்காணியைப் பிடிக்கணும்.

வேண்டாம் என்று விட்டுப் போகவும் முடியாது. கடன் கணக்கு எழுதின துண்டு இருந்தால்தான் வேறு தோட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கடனை அடைக்கிறவன்தான் ஆளை எடுக்கலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஆக, போகவும் அனுமதி, இருக்கவும் அனுமதி.

3

லயம் வேலையோடு ஒட்டினது. வேலை போனால் காம்பிராவும் போச்சு. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி வெளியே வீடு கட்டலாமே என்று கேட்கலாம். 1935இல் இலங்கையில் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. அரசு நிலத்தை ஏழை விவசாயிக்குப் பிரித்துக் கொடுக்கிற சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நிலம் பெறத் தகுதியான 'இலங்கையர்' யார் என்று அது சொன்ன விளக்கத்தில், பூர்வீக வாழ்விடம் இலங்கையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியில் தோட்டத்துத் தமிழர் அத்தனை பேரும் வெளியே தள்ளப்பட்டார்கள். மலையைத் திருத்தியவனுக்கு மலையில் மனை இல்லை.

1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தில் இது தெருவுக்கு வந்தது. கிராம விஸ்தரிப்புக்கு என்று அரசு தோட்டத்தை எடுத்துக்கொண்டு, தொழிலாளர்களை லயத்தைக் காலி செய்யச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். பிறந்து வளர்ந்த காம்பிராவில் உட்கார்ந்திருந்ததற்காக அவர்கள்மேல் அத்துமீறி நுழைந்த குற்றம் சாட்டப்பட்டது. தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தண்டனை பெற்ற ஒரு தொழிலாளியின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950இல் தீர்ப்பு வந்தது: அவனுடைய முக்கிய நோக்கம் தன் இருப்பிடத்தை விட்டுப் போகாமல் இருப்பது, யாருக்கும் தொல்லை கொடுப்பது அல்ல, ஆகவே இது குற்றம் ஆகாது. குற்றவியல் சட்டம் படிக்கிறவர்கள் 'நோக்கம்' என்ற சொல்லுக்கு விளக்கமாக இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். தன் வீட்டில் தான் இருந்தது குற்றமல்ல என்று சொல்ல ஏழு கடல் தாண்டி ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பதை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தீர்ப்பு வருவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. வேறு தொகுதிகளிலும் அந்த ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. 1948இல் குடியுரிமைச் சட்டம். அப்பன் அல்லது பாட்டன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டச் சொன்னார்கள். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் ஓட்டும் போனது. மூன்று தலைமுறை வாழ்ந்த நாடு அன்றைக்குத்தான் அவர்களுக்கு அயல்நாடு ஆனது.

4

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்காளிகள் மாட்டைப் பிரித்துக்கொண்ட மாதிரி. அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

எங்க அப்பாயி அந்தக் கணக்கில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரி. வீட்டுக்கடன் உண்டு என்றார்கள். கடன் வாங்க மனை காட்டணும். மனை வாங்க ஊருக்குப் போகணும். பாட்டன் விட்டுப் போன ஊரில் போய் நின்றபோது கேட்ட முதல் கேள்வி, 'நீங்க எந்த ஆளுங்க?' சொன்னதும் சேரிப் பக்கம் கையைக் காட்டினார்கள். சேரியிலும் இடமில்லை. திரும்பி மலைக்கே ஏறி வந்து, மறுபடியும் தேயிலை, மறுபடியும் லயம். ரொம்ப வருஷம் கழித்து கோத்தகிரிப் பக்கம் இரண்டு சென்டில் ஒரு வீடு கட்டினோம். குடிபோன அன்றைக்குச் சாமி படம் மாட்ட அப்பா ஆணி அடித்தபோது, 'யாரையும் கேக்க வேணாமாப்பா?' என்றது அப்பாயி. நாங்கள் சிரித்தோம். அது சிரிக்கவில்லை. சாகும்வரை அந்த வீட்டை அது 'காம்பிரா' என்றுதான் சொன்னது.

தாயகம் திரும்பியோர் என்ற பேர் கேட்க நன்றாக இருக்கிறது. அவர்களுக்கு வேலை கொடுக்க என்று வளர்த்த அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்புகளிலும் விதி அதேதான்: ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி பண்ணு. கூடலூரில் 1969 ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலங்களில் குடியேறினவர்கள் பட்டா இல்லாமல், மின் இணைப்பு இல்லாமல் எத்தனை வருஷம் அலைந்தார்கள் என்பது நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'சிலோன்காரன்'.

1971இல் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கின சட்டம். நடைமுறையில் எத்தனையோ ஓட்டை இருந்தாலும், 'காலி பண்ணு' என்ற மிராசுதாரின் ஆயுதத்தை அது மழுங்கடித்தது. அதே சாதியில் பிறந்து, கடலுக்கு அந்தப் பக்கம் அதே கூலி வேலை பார்த்தவனுக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

5

அங்கேயே இருந்தவர்களுக்கு வந்தது நிலச் சீர்திருத்தம். 1972இல் தனியார் நில உச்சவரம்பு, 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமை. உழுதவனுக்கு நிலம் என்று நாம் மகிழ்ச்சியோடு படிக்கிற சொல். மலையகத்தில் நிலம் கிராமத்துச் சிங்களருக்குப் போனது. தொழிலாளிக்குக் காம்பிராவும் போனது. பல தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் பட்டணத் தெருக்களில் பட்டினி கிடந்தார்கள். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுக்க அளக்க வந்தபோது மக்கள் தடுத்தார்கள். தலவாக்கலை டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் போலீஸ் சுட்டுச் செத்தார். அந்த நிலம் அவர் பேரில் இல்லை. நின்ற இடம்கூட அவர் பேரில் இல்லை. அதற்காகத்தான் செத்தார்.

1978இல் லட்சம் வீடுகள் திட்டம், 1984இல் பத்து லட்சம் வீடுகள் திட்டம் என்று இலங்கை அரசு வீடு கட்டி உலகத்திடம் பாராட்டு வாங்கியது. லயங்களை அவை பெரும்பாலும் தொடவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. பிறகு அது ஐம்பத்து மூன்று வருஷக் குத்தகை ஆனது. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது, லயம் நிர்வாகத்தின் கையில். உள்ளே இருக்கிற மனுசி யாருடைய ஆள்? இதற்கு எந்தப் பத்திரத்திலும் பதில் இல்லை.

2003இல் ஒரு சட்டம் போட்டு, இந்திய வம்சாவளியினரில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். 55 வருஷம் ஆகியிருந்தது. குடிமகன் ஆயாச்சு. இனி வீடு கட்டலாமா?

6

இலங்கையில் கிராமத்துக்காரர் ஒருவர் வீடு கட்டணும் என்றால் பிரதேச சபைக்குப் போகிறார். காணி உறுதி, அளவைப் படம், வீட்டு வரைபடம். கட்டணம் கட்டினால் அனுமதி. தோட்டத்துக்காரர் போனால்? உறுதி இல்லை. அளவைப் படம் இல்லை. தோட்ட முகாமையாளரின் கடிதம் வேண்டும். மின்சாரம் இழுக்கவும் அவர் கடிதம். தபால்கூட லயத்துக்கு நேராக வருவதில்லை. தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து என்றைக்கோ கைக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்து கையில் கிடைத்த பிள்ளைகள் மலையகத்தில் எத்தனை பேர்! முகவரி இல்லாதவனுக்கு மனை எப்படி வரும்?

இன்னும் கேளுங்கள். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்ய முடியாதபடி கையைக் கட்டிப் போட்டிருந்தது. தோட்டம் தனியார் இடமாம். ஓட்டு வாங்கி ஜெயித்த தோட்டத்துப் பிரதிநிதியே தன் லயத்துக்கு ஒரு கான் வெட்டிக் கொடுக்க முடியாது. இதைத் திருத்தியது 2018இல். அதே வருஷம் மலையகத்துக்கென்று புதிய கிராமங்கள் அதிகார சபையும் சட்டமாக வந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு சனத்தொகையே உள்ளூராட்சியின் வரைபடத்துக்கு வெளியே இருந்திருக்கிறது.

மலைச்சரிவு மாவட்டங்களில் வீடு கட்ட 2011 முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். இடம் சரியுமா என்று பார்த்துச் சொல்வார்கள். தேவையான விதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அந்த இடம் ஆபத்து என்று 2005லும் 2011லும் சொல்லப்பட்டிருந்தது. காலி பண்ணச் சொன்னார்கள் என்கிறார்கள். எங்கே போக? வேறு இடத்தில் வீடு கட்டிக்கொள்ள அவர்களுக்கு நிலமும் இல்லை, அனுமதியும் இல்லை. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் முகாமிருந்து, 2016இல்தான் வீடு பார்த்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மறுபடியும் அதே மலை, அதே சரிவு, அதே மண். அனுமதியே இல்லாமல் வெள்ளைக்காரன் கட்டின லயம் சட்டப்படியான கட்டடம். அதை ஒட்டித் தொழிலாளி போடுகிற தகரக் கொட்டகை சட்டவிரோதம்.

7

இப்போது ஏழு பேர்ச்சஸ் என்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனி வீடும். நம்ம கணக்கில் நாலே கால் சென்டுக்குக் கொஞ்சம் கூட. இந்திய உதவியில் நாலாயிரம் வீடு; 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் பத்தாயிரம் அறிவித்தார். ஐந்நூற்று ஐம்பது சதுர அடி வீடு. பத்தடிக் காம்பிராவில் பிறந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல. கேலி செய்கிறவர்கள் ஒரு ராத்திரி லயத்தில் படுத்துப் பார்க்கட்டும். ஆனால் சாவி கொடுக்கிற படம் முதலில் வருகிறது, உறுதிப்பத்திரம் பின்னால் எப்போதோ வருகிறது. தொண்ணூறுகளிலேயே சம்பளத்தில் கடன் பிடித்துக் கட்டின தனி வீடுகள் உண்டு. கடன் தீர்ந்தும் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் அதில் ஏராளம். பத்திரம் இல்லாத வீடு, சுவர் மட்டும் மாறின லயம்.

கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பத்திரம் யார் பேரில்? இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் கேட்பதில்லை. புதுக் குடியிருப்பில் எந்தக் குடும்பம் எந்த வரிசையில் என்று பிரிக்கும்போது பழைய லயத்துச் சாதிக் கணக்கு உள்ளே வருகிறதா? இதையும் கேட்பதில்லை. 'மலையகத் தமிழர்' என்று ஒன்றாய் நிற்பதன் தேவை எனக்குப் புரிகிறது. சிங்களப் பேரினவாதத்துக்கும் யாழ்ப்பாணத்து ஏளனத்துக்கும் நடுவில் அந்தப் பேரைச் சம்பாதித்தார்கள். ஆனால் ஒற்றுமையின் பேரால் வாசக்கூட்டியின் பிள்ளையைக் கடைசி வரிசையில் நிறுத்தினால், அந்த ஒற்றுமை யாருக்கு?

தோழர்களே, நாம் பஞ்சமி நிலம் என்று பேசும்போது எல்லையைச் செங்கல்பட்டோடும் விழுப்புரத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம். மிராசுதார் மனையிலிருந்து துரை லயத்துக்குப் போனவர்களின் கதை வேறு நாட்டுக் கதை அல்ல. டிரமன்ஹீர் எழுதின அதே வாக்கியம் – குடிசை நிற்கும் தரை அவனுடையதல்ல – அங்கே இன்றைக்கும் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பொருந்துகிறது. அவர்கள் கேட்பது தானம் அல்ல, அன்பளிப்பு வீடும் அல்ல. காடு அழித்து, கல் பொறுக்கி, பிணம் புதைத்து, இருநூறு வருஷம் இருந்த இடத்துக்கு ஒரு பத்திரம். அந்தப் பத்திரம் கையில் இருந்தால் அனுமதிக்கு வரிசையில் நிற்க அவர்களுக்கும் தெரியும். வரைபடம் போடவும் கட்டணம் கட்டவும் தெரியும்.

மாத்தளையில் உடைபட்ட அந்தக் குடிலுக்கு யாரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அதை உடைத்தவர்களும் கண்டித்தவர்களும் இன்னும் பதில் சொல்லவில்லை.